ஒப்பித்துக் கெடுத்த கண்

எங்கள் ஃபிளாட்டில் எனக்கு ‘டேங்க் அக்கா’ என்று பெயர். கண்ணுக்குள் மருந்து டேங்க் வைத்த பொம்பளை என்று அர்த்தம். லிஃப்டில் ஏறும் ஒவ்வொருவரும் “இப்ப எப்படி, தெரியுதா?” என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கள் மாடியில் இறங்கிப் போய்விடுவார்கள். அதனால்தான் ஒரே முறை முழுசாகச் சொல்லி வைக்கிறேன். நான் ஃபோனில் பேசுகிறேன், ஃபோன் எழுதுகிறது, பிழைகளை என் மகள் கவிதா திருத்துகிறாள். எழுத்தைத் திருத்து, கதையைத் திருத்தாதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்தவள். தலைமுடியை விட மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறதா, விட்டிருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் வைக்க வேண்டும். எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது கையும் இல்லை காலும் இல்லை, கண்தான். அந்தக் கண்ணில் வந்து உட்கார்ந்தது சனி.

இனிப்பு நீர் எனக்குப் பதினைந்து வருஷமாக உண்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியில் மட்டும் சீனியைக் குறைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் இடது கண் போனது. உள்ளே ரத்தம் கசிந்து, விழித்திரை பிய்ந்து, இரண்டு ஆபரேஷன் செய்தும் மிஞ்சியது ஒன்றுமில்லை. முகத்துக்கு எதிரில் கை ஆட்டினால் ஏதோ ஆடுவது தெரியும். அவ்வளவுதான். ஒரு கண் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு வேலையை விட்டு நின்றேன். அடுத்த வருஷமே வலது கண்ணில், சுவரில் மாட்டிய காலண்டரின் கோடுகள் வளைந்து தெரிய ஆரம்பித்தன.

டாக்டர் ஒரு சீனர். என்னிடம் மலாயில்தான் பேசுவார், பொறுமையாகப் பேசுவார். கண்ணுக்குப் பின்னால் படம் விழுகிற திரை இருக்கிறதே, அதன் நடுவில் சின்னப் புள்ளி போல ஓர் இடம் உண்டு. எழுத்துப் படிப்பது, முகம் அடையாளம் பார்ப்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. இனிப்பு நீரால் அங்குள்ள பொடி ரத்தக் குழாய்கள் ஒழுகி, நீர் கோத்து, அந்த இடம் வீங்கிவிடும். ஊசி போட்டால் ஒழுகுவது நிற்கும், வீக்கம் வடியும். ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் ஒழுகும். திரும்பவும் ஊசி. ஊசி கையில் இல்லை, கண்ணிலேயே.

அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். பதினேழு முறை போட்டிருக்கிறேன். மரத்துப்போக மருந்து விடுவார்கள், இமையைக் கம்பி போட்டு விரித்து வைப்பார்கள், “மேலே பாருங்கள், அசையாதீர்கள்” என்பார்கள். வலி பெரிதில்லை. ஆனால் ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும், கண்ணை மூட முடியாது. முதல் நாள் இரவே எனக்குச் சோறு இறங்காது. ஒவ்வோர் ஊசிக்கும் ஆன செலவை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவே மாட்டார். கேட்டால், “உனக்கு எதுக்கு அந்தக் கணக்கு?” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் பெயர் மாணிக்கம். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து என்னை எங்கேயும் தனியாக அனுப்பியதில்லை. முதலில் மோட்டார் சைக்கிளில், பிறகு கார் வாங்கியதும் காடியில். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

பதினேழாவது ஊசிக்குப் பிறகு டாக்டர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அரிசி அளவில் ஒரு சின்னக் குப்பி செய்திருக்கிறது. அதை மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் துளை போட்டுச் சொருகிவிடுவார்கள். குப்பி நிறைய மருந்து. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, குப்பியின் வாயில் இருக்கும் ரப்பர் அடைப்பின் வழியாக ஒரு தனி ஊசியைச் செலுத்தி, பழைய மருந்தை எடுத்துவிட்டுப் புதிதை நிரப்புவார்கள். லைட்டருக்கு கேஸ் ஏற்றுகிற மாதிரிதான். வருஷத்துக்குப் பன்னிரண்டு ஊசிக்குப் பதில் இரண்டு. ஆய்வு என்பதால் காசும் கிடையாது.

கவிதா செபராங் ஜெயாவில் இருந்து கடல் பாலம் கடந்து எங்கள் தீவுக்கு வந்து, ஆய்வுக்கான ஒப்புதல் காகிதக் கட்டு முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். அடைப்பு நழுவலாம், கிருமி தொற்றலாம், பார்வை குறையலாம் என்று எல்லாமே அதில் இருந்தது. இருபத்தெட்டுப் பக்கம். ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்ல முடியாது. கண்ணில் ஊசி வருவதைப் பன்னிரண்டு முறை பார்க்க வேண்டாம் என்ற ஒரு வரிதான் என் காதில் விழுந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் ஒரு மணி நேரம். இரண்டு வாரம் உறுத்தியது. அதன் பிறகு ஒன்றரை வருஷம் நான் அனுபவித்த பார்வையை என்னவென்று சொல்வது. கறிவேப்பிலையில் புழு இருந்தால் தெரிந்தது. கவிதா தலையில் முதல் நரைமுடியைப் பார்த்து நான்தான் பிடுங்கிப் போட்டேன். முதல் முறை மருந்து நிரப்பியது நன்றாக முடிந்தது, இரண்டாவதும் நன்றாக முடிந்தது. ஃபிளாட்டில் எனக்கு டேங்க் அக்கா என்று பெயர் வந்தது அப்போதுதான். எனக்கு அதில் பெருமை கூட இருந்தது.

இப்போது சார்ட்டுக்கு வருகிறேன். மாதம் ஒரு முறை போக வேண்டும். நீள அறை, அந்தக் கோடியில் வெளிச்சப் பெட்டி, அதில் எழுத்துப் பலகை. வரிக்கு ஐந்து எழுத்து, கீழே போகப் போகச் சின்னதாகும். எத்தனை எழுத்துச் சொல்கிறோமோ அத்தனையையும் எண்ணி எழுதிக்கொள்வார்கள். வலது கண்ணுக்கு ஒரு பலகை, இடது கண்ணுக்கு வேறு பலகை. வலது கண் பலகை எல்லா மாதமும் அதே பலகைதான்.

எங்கள் குடும்பத்தில் அது மார்க் ஆகிவிட்டது. நான் வெளியே வருவதற்குள் கவிதா ஃபோனில், “எத்தன எழுத்தும்மா?” என்பாள். கூடினால் குடும்ப வாட்ஸப்பில் போடுவாள், என் நாத்தனார் கைதட்டுகிற படம் அனுப்புவாள். ஒரு மாதம் நான்கு எழுத்துக் குறைந்தபோது, யாரோ பரீட்சையில் ஃபெயில் ஆன மாதிரி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நாம் அப்படிப்பட்டவர்கள். ஸ்டாண்டர்ட் ஒன்று பிள்ளையிலிருந்து கிழவி வரைக்கும் மார்க் கேட்காமல் நமக்குத் தூக்கம் வராது.

குறைந்த அந்த மாதம்தான் என் வீட்டுக்காரர் சார்ட்டைப் படம் பிடித்தார். என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதால் அவரை அறைக்குள் விடுவார்கள். சோதிக்கிற மலாய்ப் பெண் ஃபைல் எடுக்க வெளியே போனபோது, எழுந்து போய் ஃபோனில் எடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. எனக்குத் தெரியத்தான் செய்கிறது, பதற்றத்தில் மறந்துவிடுகிறேன் என்பது அவர் நினைப்பு.

அது எங்களுக்குப் புதுசும் இல்லை. ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப் ஆட்களுக்கு வருஷா வருஷம் கண் டெஸ்ட் உண்டு. ஃபெயில் ஆனால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள், அலவன்ஸ் போய்விடும். அதனால் முன்னால் போனவள் எழுத்துகளைப் பின்னால் நிற்பவளிடம் காதோடு சொல்லிவிட்டுப் போவாள். நாற்பது பெண்களும் மனப்பாடம். முதல் நாள் மாலை மோட்டாரில் போகும்போது இவர் கேள்வி கேட்பார், நான் பின்னால் உட்கார்ந்து ஒப்பிப்பேன். புதுசாகக் கல்யாணமான காலம், அதில் ஒரு சந்தோஷம் கூட இருந்தது. ஆக, இவர் காடியில் திரும்பவும், “முதல் வரி சொல்லு” என்றபோது எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போவதற்குள் ஏழு வரி ஒப்பித்துவிடுவேன். கே, வி, ஆர், இசட், டி. இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன்.

மூன்றாவது முறை மருந்து நிரப்பும்போது ஊசி உள்ளே போக வழக்கத்தை விட நேரமானது. டாக்டர் இரண்டாம் முறை அழுத்தினார். முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்றார். ஆறேழு வாரத்தில் காலண்டர் கோடுகள் மறுபடி வளைந்தன. பிறகு காலண்டரில் எண்களே இல்லை. சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டேன். எண்ணெய்ச் சட்டியில் விரல் பட்டது. எதிரில் வருபவர்களைக் குரலை வைத்துப் பிடித்தேன், பேசாதவர்களைப் பார்த்துச் சும்மா சிரித்து வைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். பார்வை குறைந்தால் இடையில் தனியாக ஊசி போடுவோம் என்று முதல் நாளே நர்ஸ் சொல்லியிருந்தாள். மருந்து வேலை செய்யவில்லை என்றால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எடுத்துவிட்டால் மாதா மாதம் அந்த ஊசி, அந்தச் செலவு, இவர் பேச்சை மாற்றுவது. அடுத்த முறை நிரப்பினால் சரியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். வெள்ளைப் பெட்டியில் சாம்பல் கறைகளைத் தவிர ஒன்றும் தெரியாமல், மாதா மாதம் போய் எழுத்துகளை ஒப்பித்துவிட்டு வந்தேன். மார்க் ஏறவே செய்தது.

ஸ்கேனில் நீர் கோத்திருப்பது டாக்டருக்குத் தெரிந்தது. ஒரு நாள் படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து, “மிஷின் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க” என்று மலாயில் சொன்னார். இவ்வளவு நன்றாகப் படிக்கிறவருக்கு எதற்கு வீணாக ஊசி, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். அவ்வளவு விலையுள்ள மிஷினை விட்டுவிட்டு என் வாயை நம்பினார் அந்த மனிதர்.

நான்காவது முறை நிரப்பும் நாள் வந்தது. இவர் காடி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். வழக்கமான மலாய்ப் பெண் பிரசவ லீவில் போயிருந்தாள். புதுப் பெண் திவ்யா, நம் தமிழ்ப் பிள்ளை, என்னைக் கைப்பிடித்து உட்கார வைத்தாள். அன்று அவள் இடது கண்ணை முதலில் சோதித்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தக் கண்ணை மூடிவிட்டு வலது கண்ணால் படிக்கச் சொன்னாள்.

நான் ஆரம்பித்தேன். முதல் வரி, இரண்டாம் வரி, தட்டுத் தடங்கல் இல்லை. ஏழாவது வரியில் கஷ்டப்பட்டுப் படிப்பது போல, “எஸ்... இல்ல இல்ல, ஓ” என்று நடிக்கவும் செய்தேன். பேனா எழுதும் சத்தம் வரவில்லை.

“ஆன்ட்டி” என்றாள் திவ்யா. “நான் சார்ட் மாத்த மறந்துட்டேன். இது எடது கண்ணு சார்ட்டு.”

அவள் செருப்புச் சத்தம் பலகைப் பக்கம் போய்த் திரும்பியது.

“நீங்க சொன்ன வரி ஒண்ணுகூட இதுல இல்ல.”

இந்த வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் காப்பியடித்து மாட்டிக்கொண்ட அவமானம் இருக்கிறதே, கண் போனது கூட அந்த நிமிஷம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தப்பாக எழுதிவிடாதே என்று அவளிடம் கெஞ்சினேன். அவள் என் தோளில் கை வைத்தாள்.

“எழுதாம இருக்க முடியாது ஆன்ட்டி. இது உங்க கண்ணுலா.”

சரியான பலகையை வைக்காமல், வேறு ஒன்றைக் கொண்டுவந்து மறுபடி சோதித்தாள். முதல் வரியில் இரண்டு எழுத்து. அதிலும் ஒன்று குத்துமதிப்பு.

டாக்டர் அன்று மருந்து நிரப்பவில்லை. என் மேல் இமையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். ரப்பர் அடைப்பு நழுவிக் குப்பிக்குள்ளேயே விழுந்திருந்தது. மூன்றாவது முறை அழுத்திய ஊசிதான் தள்ளியிருக்க வேண்டும். மருந்து அப்போதே வீணாகப் போய்விட்டது. ஆறு மாதமாக என் கண்ணில் இருந்தது வெறும் குப்பி.

அறையில் நானும் டாக்டரும்தான், இவர் வெளியே காத்திருந்தார். ஏன் என்று கேட்டார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். நானாகத்தான் மனப்பாடம் செய்தேன் என்றேன். பிறகு அவர் ஒளிக்காமல் சொன்னார். எழுத்துகள் குறைந்த முதல் மாதமே தெரிந்திருந்தால் அன்றே ஊசி போட்டிருப்பேன், குப்பியையும் சோதித்துப் பார்த்திருப்பேன், பார்வையில் பெரும்பகுதி தங்கியிருக்கும். ஸ்கேனை நம்பாதது என் தப்பு என்றும் சொன்னார். நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பேப்பர் படிப்பார். அவர் தப்புக்கும் என் தப்புக்கும் சேர்த்து இருக்கிறது ஒரே கண்.

இந்த இடத்தில் கவிதா திருத்துவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரியும். மேலே திருத்தும்மா என்றேன். திருத்துகிறாள்.

குப்பியை எடுக்க நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த அஞ்சலை அக்கா, கண்புரை ஆபரேஷன். ஒரு நாளில் கட்டை அவிழ்த்ததும், “ஐயோ, ஃபேனுல எவ்வளவு தூசி!” என்று அவர் சொன்னதைக் கேட்டு வார்டே சிரித்தது. எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. பாவம், என் கைக்கு மைலோ தம்ளரை எடுத்துக் கொடுத்ததும், கக்கூஸுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். நன்றி சொன்னேன். மனசுக்குள், எனக்கு வர வேண்டியது உனக்கு வந்துவிட்டதே என்று வயிறெரிந்தேன். நோயாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பிரார்த்தனை செய்துகொள்வதாக எழுதுகிறார்கள். நான் செய்யவில்லை.

இவர் காலையும் மாலையும் வந்தார். காலையில் இட்லி, சட்னி தனியாக. மாலையில் என் தலையைச் சீவிப் பின்னிவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கை, பின்னல் கோணலாகத்தான் வரும். கட்டு நனையாமல் முகத்தைத் துடைத்துவிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், “கம்பெனிக்காரன் ஓட்டச் சாமானப் போட்டு என் பொண்டாட்டி கண்ணக் கெடுத்துட்டான்” என்று சொல்வார். நான் தலையாட்டுவேன். பொய்யும் இல்லையே. ஆனால் முழுசும் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் சீப்பை வைத்துவிட்டு என் நெற்றியில் திருநீறு பூசும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். எதற்கென்று அவருக்குப் புரியாது. மருந்து எரிகிறதா என்று கேட்பார்.

கட்டு அவிழ்த்தார்கள். குப்பி சுத்தமாக வெளியே வந்துவிட்டது, தையல் நன்றாக ஆறுகிறது, ஆபரேஷன் வெற்றி என்றார்கள். ஊசி போட்டு நீரையும் வடித்தார்கள். ஆனால் மாசக்கணக்கில் நீரில் ஊறிய அந்த நடு இடம் திரும்பவில்லை. ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது. உங்கள் முகத்தைப் பார்த்தால் காது இரண்டும் தெரியும், தலைமுடி தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் துணி. இனி மாதா மாதம் ஊசி, அதுவும் இருப்பது போகாமல் இருக்க. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று இதைத்தான் சொல்லி வைத்தார்கள்.

நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. அடைப்பை மாற்றிச் செய்யும் வரை யாருக்கும் நிரப்ப வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என் பங்களிப்பால் வருங்கால நோயாளிகள் பயன் பெறுவார்களாம். கவிதா வாசித்துக் காட்டிவிட்டு, வைக்கட்டுமா கிழிக்கட்டுமா என்றாள். வைக்கச் சொன்னேன். நல்ல தடித்த தாள்.

போன மாதம் செக்கப்புக்குப் போனோம். டத்தோ கிராமாட் சாலையில் நல்ல ஜேம், வண்டிகள் நகரவில்லை. இவர் ஏர்கோன் காற்றைக் குறைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“லெட்சுமி, சார்ட்டப் புதுசா மாத்திட்டாங்க. போன வாட்டி உனக்கு டிராப்ஸ் போட்டப்ப நான் படம் புடிச்சிட்டேன்” என்றார். “மொத வரி சொல்றேன், கேட்டுக்க. எச், எஸ்...”

“வேணாங்க” என்றேன்.

“பதட்டத்துல மறந்துருவலா. அஞ்சு எழுத்துதான.”

அப்போது சொன்னேன். திவ்யா பலகையை மாற்ற மறந்ததிலிருந்து டாக்டர் சொன்ன ஆறு மாதக் கணக்கு வரை, சத்தம் போடாமல், மார்க்கெட்டுக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னேன். விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் ஓட்டினார். ஆஸ்பத்திரியின் அடித்தள பார்க்கிங்கில் காடியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

“அப்ப நான்தானா?” என்றார்.

அவருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியவில்லை என்று நான் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. ஒளித்தவள் நான், நடித்தவள் நான். இல்லைங்க என்று சொல்ல வேண்டிய இடம் அது, சொல்ல ஒரு நொடி கூட ஆகாது. நான் சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். இறங்கிவிட்டு, அவர் வந்து கையைப் பிடிக்கும் வரை அங்கேயே நின்றேன். அவர் இல்லாமல் எனக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது.